பதினோராம் துளை

விடியற்காலை மூன்று மணி பத்து நிமிடம். சுரங்கத்துக்குப் போகிற பழைய லாரிப் பாதை. ஒரு காலத்தில் நாளுக்கு இருநூறு லாரி ஓடிய பாதை... இப்போது ஒரே ஒரு ஜீப். இரண்டு பக்கமும் விளக்கு இல்லை. வீடு இல்லை. நாய்கூட இல்லை. நாய் இல்லாத பாதையை நான் நம்பமாட்டேன்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த விளக்கை யாரும் அணைக்க வேண்டாம். கதை சொல்கிறவன் பெரிய தைரியசாலி என்று நினைத்துக்கொண்டால் அது உங்கள் தவறு. தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போவதற்கே எனக்குப் பேச்சுத்துணை வேண்டும்.

ஜீப்பில் இருந்தவர் என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரர். நண்பனுக்கு மச்சான். கதை முடிகிறவரை நமக்கும் மச்சான்தான். வேலை, மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தில் சுற்றுச்சூழல் ஆய்வு. அலுவலகத்தில் அவருக்குப் ‘பச்சை’ என்று பெயர். படிவத்தில் எந்தக் கேள்வி இருந்தாலும் பச்சை மையில் ஒரு டிக். புல் முளைத்திருக்கிறதா? டிக். மரக்கன்று உயிரோடு இருக்கிறதா? டிக். கன்று செத்துப்போய் குச்சி மட்டும் நின்றாலும், குச்சியின் மேல் இரக்கப்பட்டு ஒரு டிக். கெட்டவர் இல்லை. யாரையும் மனம் நோகவைக்கத் தெரியாதவர். அதோடு முழங்கால் வலி.

மேலே நின்று பார்த்தால் அங்கே சுரங்கம் இருந்தது என்றே சொல்லமுடியாது. கழிவு மேட்டையெல்லாம் தட்டிச் சமமாக்கி, தரை பிளந்த இடங்களில் களிமண் அடைத்து, மேல்மண் பரப்பி, புல் விதைத்திருந்தார்கள். பார்க்கக் கல்யாண மண்டபத்து விரிப்பு மாதிரி இருக்கும். விரிப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை அல்லவா... அப்படித்தான்.

கீழே, அன்றைக்குப் பதினாலு வருஷத்துக்கு முன்னால் தீப்பிடித்தது. நிலக்கரியில் பிடிக்கிற தீ தண்ணீருக்கு அடங்காது. அந்தப் பகுதியைச் செங்கல் சுவர் வைத்து அடைத்து, காற்று போகாமல் மூச்சுமுட்டச் செய்தால்தான் சாகும். மூன்றாம் நாள் சுவர் வைத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். ‘உயிரோடு இருக்க வாய்ப்பில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சுவர். அவசரத்தில் வைக்கவில்லை. அது முக்கியம் என்று அந்தக் காலத்துக் காகிதங்களில் இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறார்களாம்.

அதற்குப் பிறகு மேலே இருந்து பன்னிரண்டு துளை போட்டு, இரும்புக் குழாய் இறக்கினார்கள். அறுபத்திரண்டு மீட்டர் ஆழம். அகலம் ஒரு சாண்கூட இல்லை. பூனை நுழையலாம், அதுவும் மெலிந்த பூனை. அந்தக் குழாய் வழியாகக் கீழே இருக்கிற சூட்டையும் காற்றையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்கவேண்டும். நெருப்பு செத்துவிட்டதா, தூங்குகிறதா என்று தெரிந்துகொள்ள. கூடவே குழாயைச் சுற்றி மண்ணும் சுடுகிறதா என்று பார்க்கவேண்டும். அதனால்தான் விடியற்காலை. பகலில் போனால் எது வெயிலின் சூடு, எது நெருப்பின் சூடு என்று பிரிக்கமுடியாது. இரவெல்லாம் மண் ஆறவேண்டும்.

பன்னிரண்டில் பதினோராம் துளை மட்டும் சரிவின் அந்தக் கோடியில் இருந்தது. நூற்றுநாற்பது படி. மச்சானின் முழங்காலுக்கும் அந்தப் படிகளுக்கும் ஒத்துப்போகவில்லை. அதனால் போன ஒரு வருஷம், நாலு முறையும், அவர் அங்கே போகவே இல்லை. பத்தாம் துளையில் 27.4 என்றால் பதினொன்றுக்கு 27.3 என்று எழுதுவார். அப்படியே பார்த்து எழுதாமல் ஒரு புள்ளி குறைத்து எழுதுவதில் ஏதோ ஒரு நேர்மை இருப்பதாக அவருக்கு எண்ணம். ‘காற்றோட்டம்: இல்லை’. டிக்.

அன்றைக்குக் கடைசி ஆய்வு. அன்று காலையே பன்னிரண்டு துளையையும் சிமென்ட் ஊற்றி அடைத்துவிட்டு, நிலத்தை மேய்ச்சலுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கடைசி ஆய்வு என்பதால் ஒவ்வொரு துளைக்கும் நேரமும் இடமும் பதிந்த புகைப்படம் வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு. அதை மட்டும் பத்தாம் துளையிலிருந்து பார்த்து எழுதமுடியாது.

“நூத்தி நாப்பதா அண்ணே?” என்றார் மச்சான், படிக்குக் கீழே நின்று.

“நூத்தி நாப்பத்தி ரெண்டு சார். ரெண்டு படி புதுசா வச்சிருக்காங்க, உங்களுக்காகவே,” என்றார் டிரைவர்.

டிரைவர் சாதாரண டிரைவர் இல்லை. சுரங்கம் ஓடியபோது பதினெட்டு வருஷம் கீழே, ஆள் ஏற்றி இறக்கும் கூண்டு நிற்கிற இடத்தில் சைகைக் கயிறு பார்த்தவர். சுரங்கம் மூடியதும் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டார்கள். அதிகம் பேசமாட்டார். பேசினால் சிரிக்கிறாரா கிண்டல் பண்ணுகிறாரா என்று முகத்தில் தெரியாது.

ஏறினார்கள். புல்லில் பனி. மச்சானின் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு ‘கடக்’. அதைத் தவிர வேறு சத்தம் இல்லை.

துளை இருந்தது. துருப்பிடித்த மூடி. திறந்தார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அடைத்த சுரங்கம் மூச்சுவிடும். இது பேய்க்கதை இல்லை, பாடப்புத்தகம். வெளியே காற்றின் அழுத்தம் குறைந்தால் குழாய் வழியாகக் காற்று மேலே வரும். கூடினால் உள்ளே போகும். நாளுக்கு இரண்டு முறை. கடல் ஏறி இறங்குவது மாதிரி மெதுவாக. அதைப் பார்க்க ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் குழாயின் வாயில் பிடிப்பார்கள். மற்ற பதினொரு துளையிலும் அன்றைக்குக் காகிதம் அசையவில்லை.

மச்சான் காகிதத்தைப் பிடித்தார்.

மேலே எழுந்தது... விழுந்தது.

எழுந்தது... விழுந்தது.

கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நிமிடத்துக்குப் பதினாறு. பிறகு எண்ணிக்கை தப்பிவிட்டது... ஏனென்றால் பாதியிலேயே அவருக்கு ஒன்று தெரிந்தது. அவருடைய மூச்சும் அதோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. அவர் நிறுத்திப் பார்த்தார். அது நிறுத்தவில்லை.

“காத்துதான்,” என்றார் அவர். டிரைவர் கேட்கவே இல்லை. இவராகச் சொன்னார்.

அப்போதுதான் வாசனை. புகை இல்லை. கந்தகம் இல்லை. ஈரத் துணி... கரித்தூள்... மலிவான சோப்பு. ஷிப்ட் முடிந்து நாற்பது பேர் ஒரே அறையில் குளித்துவிட்டு வந்தால் வருமே, அந்த வாசனை.

டிரைவர் ஒரு அடி பின்னால் போனார். “நம்ம குளியலறைச் சோப்பு சார் இது. சிவப்புக் கட்டி.”

“இப்பவும் வருதா அந்த சோப்பு?”

“கம்பெனியே மூடி பத்து வருஷம் ஆச்சு.”

இப்போது நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் நூற்றுநாற்பத்திரண்டு படியை நாலு தாவலில் இறங்கியிருப்பேன். மச்சான் அரசாங்கப் படிவம் நிரப்பப் பழகியவர். பயம் என்று ஒரு கட்டம் அதில் இல்லை. ‘சூடு’ என்ற கட்டம் காலியாக இருந்தது. ஆகவே அளவு நாடாவை எடுத்தார். கைப்பிடி வைத்த ராட்டில் சுற்றிய மஞ்சள் நாடா. முனையில் பித்தளைக் குண்டு, அதில் வெப்பமானி. இறக்கினார். பத்து... இருபது... நாற்பது... அறுபத்திரண்டில் குண்டு தரையைத் தொட்டது. ஐந்து நிமிடம் அப்படியே விடவேண்டும்.

மூன்றாம் நிமிடம் நாடா அசைந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

நிதானமான இழுப்பு. சரியான இடைவெளி. காற்றுக்கு இடைவெளி தெரியாது.

சற்றுப் பொறுத்து மறுபடி... ஒன்று, இரண்டு, மூன்று.

சுரங்கத்தில் கூண்டுக்குக் கீழே நிற்கிறவன் கயிற்றை இழுத்தால்தான் மேலே மணி அடிக்கும். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறுகிறது. மேலே இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பவன் அதே மூன்றைத் திருப்பி அடிக்கவேண்டும். ‘கேட்டது, தூக்குகிறேன்’ என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மச்சானை ஒரு மாதம் அந்த இயந்திர அறையில் உட்காரவைத்திருந்தார்கள். பதில் அடிக்க நொடி தாமதித்தால் இயந்திரக்காரர் இரும்பு அளவுகோலால் புறங்கையில் ஒன்று போடுவார். இருபது வருஷம் ஆகியும் அந்தக் கைக்கு அந்த அடி மறக்கவில்லை.

கை தானாகப் பதில் சொன்னது. மூன்று முறை.

சொன்ன பிறகுதான் மச்சானுக்கு உறைத்தது.

டிரைவர் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சார்... பதில் குடுத்தீங்களா?”

“பழக்கதோஷம் அண்ணே.”

“பதில் குடுத்தா எந்திரிக்கக்கூடாது சார். அவங்க மேல வந்து கால் வைக்கிற வரைக்கும் எடத்த விட்டு எந்திரிக்கக்கூடாது. அதுதான் சட்டம்.”

“யாரு அண்ணே அவங்க?”

டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மச்சான் ராட்டைச் சுற்ற ஆரம்பித்தார். ஏன் என்று நண்பன் பின்னால் கேட்டிருக்கிறான். “தூக்குறேன்னு சொல்லிட்டேனே” என்றாராம். அவ்வளவுதான் பதில். மனம் நோகவைக்கத் தெரியாதவர் என்று சொன்னேனே... யாருடைய மனம் என்று அவர் பிரித்துப் பார்ப்பதில்லை.

கனத்தது. கல்லின் கனம் இல்லை. கல் ஒரே மாதிரி தொங்கும். இது இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாறி மாறிப் பிடிக்கிற கனம். ஐம்பது... நாற்பது... முதுகில் வியர்வை. முப்பது. குழாயின் உள்பக்கம் ஏதோ உரசுகிற சத்தம், தோல் செருப்பை இழுத்து நடப்பது மாதிரி. அந்த ஒரு சாண் குழாயை மச்சான் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை. கிழக்கைப் பார்த்துக்கொண்டே சுற்றினார். வானம் சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது.

இருபதாவது மீட்டரில் கீழே லாரிச் சத்தம்.

சிமென்ட் லாரி. எட்டு மணிக்கு வரவேண்டியது ஆறுக்கே வந்துவிட்டது. கூடவே காரில் மேலதிகாரி. அந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக நேரத்துக்கு முன்னால் வந்தார், அதுவும் அன்றைக்கு.

“என்னய்யா பச்சை,” என்று படியின் பாதியிலிருந்தே குரல், “விடியக்காலையில மீனா புடிக்கிற?”

நண்பர்களே, அந்த அரை நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். பதினோராம் துளையில் காற்றோட்டம் இருக்கிறது என்று இவர் வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி என்ன? எப்போதிலிருந்து? நாலு முறை ‘இல்லை’ என்று எழுதியது யார்? யாருடைய பச்சை மை? வேலை போகும். போவது மட்டுமில்லை, செய்தித்தாளில் வரும். மகள் பள்ளிக்கூடத்தில் தலைகுனிந்து உட்காருவாள். இந்தப் பக்கம் அது. அந்தப் பக்கம்... கையில் கனம். இருபது மீட்டருக்குக் கீழே.

அவர் ராட்டை விட்டுவிட்டார்.

விட்டால் நாடா கிறுகிறுவென்று உள்ளே ஓடியிருக்கவேண்டும். ஓடவில்லை. தளர்ந்தது. அப்படியே தொங்கியது. கீழே இருப்பது விழவில்லை... குழாயின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. காத்துக்கொண்டு.

மச்சான் பையிலிருந்து பிளேடை எடுத்து நாடாவை அறுத்தார். முனையை உள்ளே போட்டார். மேலதிகாரி மேலே வந்து மூச்சுவாங்கி நிற்கும்போது படிவம் நிரம்பியிருந்தது. காற்றோட்டம்: இல்லை. டிக். புகைப்படம்கூட எடுத்தார். அதில் டிரைவரின் நிழல் விழுந்திருக்கிறது. தொப்பி இன்னும் கையில்தான்.

சிமென்ட் ஊற்றுவதற்கு முன்னால் அடியில் நிற்பதற்காகக் கொஞ்சம் ஜல்லி போடுவார்கள். அறுபத்திரண்டு மீட்டர் கல் விழ மூன்றரை நொடி ஆகும். மச்சான் மனதுக்குள் எண்ணினார். ஒன்று... இரண்டு... அங்கேயே நின்றுவிட்டது. கல்லில் கல் விழுகிற சத்தமும் இல்லை. துணிமேல் விழுந்த மாதிரி. பொத்... பொத்... ஒரு கூடை ஜல்லி முழுவதும் அப்படியே விழுந்தது.

பிறகு சிமென்ட். கலவைக்காரர் அறுபத்திரண்டு மீட்டருக்குக் கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மூன்றில் ஒரு பங்கு ஊற்றியதும் குழாய் நிரம்பி வாயில் தளும்பியது.

“இந்தக் கணக்கு யாரு சார் போட்டது?” என்றார் கலவைக்காரர் எரிச்சலோடு. “மிச்சத்த என் தலையிலயா ஊத்திக்க?”

“கொழா உள்ள இடிஞ்சிருக்கும்,” என்றார் மேலதிகாரி. “மிச்சத்த படிக்குப் பூசிடு. நம்ம பச்சைக்கு முட்டி வலி.”

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். அதுதான் அவருக்கு இன்றுவரை தாங்கவில்லையாம். சிரித்தது.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது டிரைவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். “அறுக்குறதுக்கு முன்னாடி ஒரு இழுப்பு இழுத்திருக்கலாம் சார்.”

“எதுக்கு அண்ணே?”

“நிறுத்துன்னு சொல்லியிருக்கலாம். நீங்க நிறுத்தச் சொல்லல. ஏறுன்னு சொன்னீங்க. அப்புறம் ஒண்ணுமே சொல்லல.”

அடுத்த வாரம் டிரைவர் வேலையை விட்டுவிட்டார்.

மச்சான் ஒருநாள் தனியாகப் போய் அந்தச் சிமென்ட் மூடியைக் கல்லால் தட்டினார். ஒரே ஒரு தட்டு. நிறுத்து. காதை வைத்துக் கேட்டார். கீழேயிருந்து அதே ஒன்று திரும்பி வந்தால்தான் நிறுத்தியதாகக் கணக்கு. வரவில்லை. வழியில் போன மாடு மேய்க்கிறவர் நின்று, தரைக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த இந்த அரசாங்க அதிகாரியை வெகுநேரம் பார்த்துவிட்டு, மாடுகளை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போனாராம்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது சிமென்ட் தரைக்கு மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது.

“தரை தாழ்ந்திருக்கு,” என்றார் மேலதிகாரி. சுரங்கத்தின் மேல் நிலம் தாழ்வது சகஜம்தான். நடுவில் நிற்கிற கம்பம் உயர்ந்த மாதிரி தெரியும். மச்சான் மட்டக்கருவி வைத்துப் பார்த்தார். தரை ஒரு நூல்கூட இறங்கவில்லை.

அடுத்த முறை முழங்கால் உயரம். உருண்டையாக, வழவழப்பாக, குழாயிலிருந்து யாரோ கீழேயிருந்து பொறுமையாகத் தள்ளுகிற மாதிரி. மாடு இடறி விழும் என்று அறுத்துப் போட்டார்கள். ஒரு மாதத்தில் இடுப்பு உயரம். மறுபடி அறுத்தார்கள். மறுபடி. அதிலிருந்து மாதாமாதம் இதே வேலை. மேலதிகாரியும் சளைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ‘தரை தாழ்ந்தது’ என்று எழுதிக்கொண்டே போனார். அவர் எழுதியதையெல்லாம் கூட்டினால் அந்தச் சரிவு இந்நேரம் ஆறு மாடி ஆழத்துக்குள் போயிருக்கவேண்டும். மாடுகள் அங்கேதான் மேய்ந்துகொண்டிருக்கின்றன, சௌக்கியமாக.

கூட்டிக்கொண்டிருந்தவர் மச்சான் ஒருவர்தான். முழங்கால் வலியோடு மாதம் தவறாமல் நூற்றுநாற்பத்திரண்டு படி ஏறினார். இப்போது உள்ளதை உள்ளபடி எழுதினார். மேலதிகாரி அதைச் சிவப்பு மையால் அடித்தார். அறுத்த துண்டுகளை ஒரு மரத்தடியில் வரிசையாகப் படுக்கவைத்து, ஒவ்வொன்றிலும் அதுவரை வெளியே வந்த மொத்த மீட்டரை எழுதிவைத்தார். பதினொன்று... பதினாலு... பதினேழரை. சிமென்ட் ஏன் இருபது மீட்டரோடு நின்றது என்று உலகத்தில் தெரிந்தவர் அவரும், வேலையை விட்டுப்போன டிரைவரும்தான்.

இரண்டரை வருஷம்.

போன மாதம் அறுத்த துண்டின் அடிப்பக்கத்தில் ஜல்லி ஒட்டியிருந்தது. ஜல்லிக்கு நடுவில் மஞ்சள் நாடாவின் முனை. அறுத்தவர்கள் துண்டைத் தூக்கியபோது அதற்குக் கீழே சிமென்ட் இல்லை. குழாய் திறந்து கிடந்தது. இருட்டு. மேலதிகாரி ஒரு தகரத்தைப் போட்டு மூடச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

இதற்கப்புறம் நடந்ததற்கு என் நண்பனே சாட்சி. அன்றிரவு அக்கா வீட்டில்தான் இருந்தான். மகள் விடுதியில் படிக்கிறாள். வீட்டில் அக்காவும் மச்சானும் மட்டும். இவன் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தான். விடியற்காலை நாலு மணிக்கு அலமாரி திறக்கிற சத்தம் கேட்டு விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி பேச்சுக்கு நடுவில் எழுந்து உட்காருவானேன் என்று தூங்குகிறவன் மாதிரியே கிடந்தான்.

“எதுக்குங்க மூணு போர்வை?” இது அக்கா.

“குளிரும்மா.”

“உங்க ஒருத்தருக்கா?”

“கீழ பதினாறு வருஷம் சூட்லயே இருந்தவங்க. மேல வந்தா தாங்காது.”

அக்காவுக்கு எவ்வளவு தெரியும் என்று நண்பனுக்குத் தெரியாது. அவள் சொன்னாள். “டாக்டரப் பாக்கலாம்னு சொன்னேன். காதுல போட்டுக்கல நீங்க.”

“இன்னைக்கு ஒரு நாள்தாம்மா. நாளைக்குப் போலாம். நீ எங்க சொல்றியோ அங்க வரேன். வேலையக்கூட விட்டுடறேன். இன்னைக்கு மட்டும் நான் அங்க இருக்கணும். நான் இல்லாம அவங்க வந்து நின்னா... யாருமே இல்லையேன்னு நினைப்பாங்கல்ல?”

அதைச் சொல்லும்போது மச்சானின் குரல் உடைந்தது என்றான் நண்பன். நான் இதை யாரிடம் சொன்னாலும் இந்த இடத்தில் விளக்கைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறேன். பயத்தில்தான். வேறு ஒன்றும் இல்லை.

அக்கா மூன்று போர்வையை எடுத்து மடித்துக் கொடுத்தாள். அவருக்குக் கொண்டுபோக டீ போட அடுக்களைக்குப் போனாள். மச்சான் வாசலுக்குப் போனார். கதவைத் திறந்தார்.

திறந்தவர் வெளியே போகவில்லை. அங்கேயே நின்றார். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு ஒருக்களித்து, சுவரோடு ஒட்டி, வழிவிட்டு நின்றார். மரியாதைப்பட்டவர் யாராவது உள்ளே வரும்போது ஒதுங்குவோமே, அந்த மாதிரி. நண்பன் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் யாரும் இல்லை. பனிக்காற்று மட்டும் உள்ளே வந்தது.

மச்சான் திரும்பி வந்தார். ஒரு போர்வையை உதறி, கூடத்து நாற்காலியின் முதுகில் பதமாக விரித்துப் போட்டார். அடுக்களைப் பக்கம் பார்த்து, தூங்குகிறவனை எழுப்பிவிடாத குரலில் சொன்னார்.

“எனக்கு ரெண்டு போதும்மா. ஒருத்தர் வந்தாச்சு.”

அக்காவுக்கு அது காதில் விழவில்லை. ஸ்டவ் சத்தம். டீ வருவதற்குள் ஜீப் கிளம்பிப் போய்விட்டது. சத்தம் தெருமுனை திரும்பி... தேய்ந்து... நின்றது.

நண்பன் அசையவில்லை. நாற்காலிப் பக்கம் பார்க்கவும் இல்லை. நான் அவனைக் கோழை என்று சொல்லமாட்டேன். நானாக இருந்தால் பாயையே போர்த்திக்கொண்டிருப்பேன்.

அப்போது அக்கா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். “டேய் தம்பி, முழிச்சுட்டியா? பல்லு அடிக்கிறது இங்க வரைக்கும் கேக்குது. அந்தப் போர்வைய எடுத்து நல்லா போர்த்திக்கயேன்டா.”

நண்பன் கழுத்துவரை போர்த்திக்கொண்டுதான் படுத்திருந்தான். பல்லைக் கடித்து, வாயை இறுக மூடிக்கொண்டு.